ஸ்லீப்பிங் டாக்ஸ்: போலீஸ்காரன் காணாமல் போன போலீஸ் கேம்

ரவுடி ஒருவனை இழுத்துப்போய் இறைச்சி தொங்கும் கொக்கியில் மாட்டுகிறேன். இன்னொருவன் தலையை, சுழன்றுகொண்டிருக்கும் மின்விசிறிக்குள் திணிக்கிறேன். சண்டை முடிந்ததும் மதிப்பெண் திரை வருகிறது. டிரையட் எனப்படும் சீனக் குற்றக் கும்பலுக்கான மதிப்பெண் நிரம்பியிருக்கிறது, அது சரி. அதற்குப் பக்கத்திலேயே போலீஸ் மதிப்பெண்ணும் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக நிற்கிறது. வழியில் நின்ற பொதுஜனம் யாரையும் நான் இடிக்கவில்லை, கடைப் பொருள் எதையும் உடைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஸ்லீப்பிங் டாக்ஸை மூன்று முறை முழுசாக ஆடி முடித்திருக்கிறேன். ஊர் முழுக்க இஷ்டப்படி சுற்றித் திரிய விடும் ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இந்தத் திரை வரும்போது மனசுக்குள் ஏதோ இடறும். கும்பலுக்குள் ஊடுருவிய ஒரு போலீஸ்காரனின் கதை இது. கும்பல்காரனாக வாழ்வது எப்படி இருக்கும் என்பதை இந்தக் கேம் கைவிரல் வழியாகவே உணர்த்திவிடுகிறது. போலீஸ்காரனாக இருப்பதை மட்டும் கட்சீனில், அதாவது நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்கிற கதைக் காட்சிகளில், வாயால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதன் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்று நினைக்கிறேன். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன், இன்னும் ஆடாதவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

கைமாறிக் கைமாறி வந்த கேம்

கனடாவின் வான்கூவரில் இருந்த யுனைடெட் ஃப்ரண்ட் கேம்ஸ் செய்த விளையாட்டு இது. ஆரம்பத்தில் பிளாக் லோட்டஸ் என்ற பெயரில் தனிக் கேமாகத்தான் யோசித்தார்கள். வெளியிட ஒப்புக்கொண்ட ஆக்டிவிஷன், தன்னிடம் ஏற்கெனவே இருந்த ட்ரூ க்ரைம் வரிசையில் அதைச் சேர்த்து, 2009 டிசம்பரில் புதிய ட்ரூ க்ரைம் கேமாக அறிவித்தது. ஹாங்காங்தான் களம். 2011 பிப்ரவரியில் அதே ஆக்டிவிஷன் கேமைக் கைவிட்டது. எவ்வளவு நம்பிக்கையோடு கணக்குப் போட்டாலும், இன்னும் பணம் கொட்டினாலும், இந்த வகையின் முன்னணிக் கேம்களுக்குப் பக்கத்தில்கூட இது வராது என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்போது கேம் பெரும்பாலும் ஆடக்கூடிய நிலைக்கு வந்திருந்தது. அந்த ஆகஸ்ட்டில் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியீட்டு உரிமையை எடுத்துக்கொண்டது. ட்ரூ க்ரைம் என்ற பெயரை மட்டும் எடுக்கவில்லை. அதனால்தான் புதுப் பெயர். 2012 ஆகஸ்ட்டில் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360, கணினி மூன்றிலும் வெளிவந்தது.

பெயர் மாறிய கதையை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த 2003-ன் ட்ரூ க்ரைம், கரடுமுரடான கேம்தான். ஆனால் அதில் நீங்கள் போலீஸ்காரர் என்பதை விரல்கள் மறக்கவே மறக்காது. பேட்ஜைக் காட்டலாம், எச்சரிக்கைக்கு வானத்தைப் பார்த்துச் சுடலாம், தெருவில் போகிறவனை நிறுத்திச் சோதிக்கலாம், விலங்கு மாட்டலாம். நல்ல போலீஸா கெட்ட போலீஸா என்று புள்ளிகள் ஏறும், இறங்கும். ரேடியோவில் பக்கத்துத் தெருக் குற்றம் ஒலித்தால் போவதா விடுவதா என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டும். அந்த வரிசையில் சேர்ந்து, பிறகு அதிலிருந்து விலகிய ஸ்லீப்பிங் டாக்ஸில் அந்தக் கருவிகள் அநேகமாக ஒன்றுமே இல்லை. உளவு போனவன் பேட்ஜைக் காட்ட முடியாது என்பது நியாயமான பதில்தான். ஆனால் பேட்ஜ் போன இடத்தை எதை வைத்து நிரப்பினார்கள் என்று பார்த்தால், அங்கேதான் வெற்றிடம் தெரிகிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

கையும் காலும் சொல்லும் கதை

கதாநாயகன் வெய் ஷென். ஹாங்காங்கில் பிறந்தவன். அம்மா, அக்கா மிமியோடு சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தவன். அங்கே மிமி போதைக்குப் பலியானாள். அவளுக்கு அந்தப் பழக்கத்தைக் காட்டிக்கொடுத்தவன் டாக்ஐஸ் என்ற கும்பல்காரன், இன்னும் ஹாங்காங்கில் நடமாடுகிறான். அமெரிக்காவில் போலீஸ் வேலை பார்த்த வெய், ஹாங்காங் போலீஸுக்காக சன் ஆன் யீ என்ற கற்பனை டிரையட் கும்பலுக்குள் நுழைகிறான். சிறுவயது நண்பன் ஜாக்கி மாவைச் சிறைக்கூண்டில் 'தற்செயலாக' சந்திப்பதுபோல ஏற்பாடு. ஜாக்கி வழியாக வின்ஸ்டன் சூ என்ற குட்டித் தலைவனிடம் போய்ச் சேர்கிறான்.

முதல் சில மணி நேரம் உங்கள் கையில் துப்பாக்கியே இருக்காது. இந்தக் கேமில் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்பேன். இந்த வகைக் கேம்கள் பெரும்பாலானவற்றில் பத்தாவது நிமிடமே துப்பாக்கி வந்துவிடும், எதிரி தூரத்தில் அசையும் ஒரு புள்ளியாகிவிடுவான். இங்கே எதிரி மூச்சு படும் தூரத்தில் நிற்கிறான். அடிக்க ஒரு பட்டன், பிடிக்க ஒரு பட்டன், தடுத்துத் திருப்பி அடிக்க ஒரு பட்டன். அடிக்க வருகிறவன் உடம்பு ஒரு நொடி சிவப்பாக மின்னும், அப்போது தடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் சிலரைப் பிடிக்கவே முடியாது, சிலர் தடுத்துக்கொண்டே நிற்பார்கள், ஒருவன் இறைச்சிவெட்டும் கத்தியோடு பின்னால் வருவான். ஐந்து பேர் சூழ்ந்தால் யாரை முதலில் சாய்ப்பது என்று யோசித்தே ஆக வேண்டும். பட்டனைக் கண்டபடி தட்டினால் அடி வாங்குவீர்கள்.

அப்புறம் சுற்றியிருக்கும் பொருட்கள். ஒருவனைப் பிடித்தவுடன் பக்கத்தில் மீன் தொட்டி, தொலைபேசிக் கூண்டு, குப்பைத்தொட்டி, அறுக்கும் இயந்திரம் என்று ஏதாவது சிவப்பாக ஒளிரும். கொடூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. வெய் எவ்வளவு குரூரமாக அடிக்கிறானோ அந்த அளவுக்கு டிரையட் மதிப்பெண் கூடும். கும்பலுக்குள் பேர் வாங்க விரும்பும் நீங்கள், உங்களை அறியாமலே கண்ணால் கொக்கியைத் தேட ஆரம்பிப்பீர்கள். ஒரு கட்டத்தில் அது பழகிப்போகும். வெய்க்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று கேம் தனியாகச் சொல்லத் தேவையே இல்லை, அது உங்களுக்கே நடந்துகொண்டிருக்கும்.

புது அடிகளைக் கற்றுக்கொள்ளும் வழியும் எனக்குப் பிடிக்கும். நார்த் பாயின்ட்டில் பழைய குங்ஃபூ ஆசான் ஒருவர் இருக்கிறார். அவருடைய பன்னிரண்டு ராசி விலங்குகளின் ஜேட் சிலைகள் ஊரெங்கும் சிதறிப்போயிருக்கின்றன. ஒரு சிலையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தால், சீடர்களை வைத்து ஒரு புது அடியைச் சொல்லித்தருவார். வெறும் மெனுவில் புள்ளி செலவழித்து வாங்குவதற்கும், ஒரு வாத்தியார் முன்னால் நின்று செய்துகாட்டிக் கற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம். சிலம்ப ஆசான் முன்னால் கம்பு பிடித்து நின்றவர்களுக்கு அந்தக் காட்சியின் மரியாதை உடனே புரியும்.

துப்பாக்கி வந்த பிறகு கேமின் தனித்தன்மை மங்குகிறது. மறைவிடத்தைத் தாண்டிக் குதித்தால் காலம் மெதுவாகும், அந்த இடைவெளியில் சுடலாம். ஹாங்காங் ஆக்‌ஷன் படங்களுக்குச் செய்த வணக்கம் அது, முதல் இரண்டு முறை அழகாகவும் இருக்கிறது. ஆனால் திருமணக் காட்சியிலிருந்து கடைசிவரை துப்பாக்கிச் சண்டைகள் அடுக்கடுக்காக வருகின்றன. திருமண மண்டபம், மருத்துவமனை, சவ ஊர்வலம். கையால் அடித்துக் கற்ற அத்தனையையும் ஓரம் கட்டிவிட்டு, மற்ற எல்லாக் கேம்களையும் போலவே இதுவும் சுடத் தொடங்கும் நேரத்தில் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஊரும் சாப்பாடும்

கேமில் இருப்பது ஹாங்காங் தீவு மட்டுமே. நார்த் பாயின்ட், சென்ட்ரல், அபர்டீன், கென்னடி டவுன் என்று நான்கு வட்டாரங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கவுலூன் இல்லவே இல்லை. அங்கிருக்கும் மோங் காக்கின் நெரிசலைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய குறைதான். வரைபடம் சுருக்கப்பட்டது, தெருக்கள் நிஜத் தெருக்கள் அல்ல. பெரும்பாலான கட்டிடங்களுக்குள் போக முடியாது.

ஆனாலும் ஊர் உயிரோடு இருக்கிறது. நார்த் பாயின்ட் இரவுச் சந்தைக்குள் நடந்து போங்கள். தலைக்கு மேலே நியான் பலகைகள், மழை பெய்து முடிந்த தார்ச்சாலையில் அவற்றின் நிறங்கள், இருபக்கமும் கடைக்காரர்கள் கூவும் சத்தம். அவசரமாகக் கடந்து போனால் இதெல்லாம் வெறும் அலங்காரம். மிஷனை விட்டுவிட்டு இரண்டு நிமிடம் நின்று பார்த்தால், செய்தவர்கள் அந்த ஊரை நேரில் பார்த்து, நேசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

என் தம்பிதான் முதலில் கவனித்துச் சொன்னான்: "அண்ணா, இதுல நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம் வண்டி ஓட்டுறாங்க." அதுவரை நாங்கள் ஆடியதெல்லாம் அமெரிக்க நகரங்களை வைத்த கேம்கள், வலதுபக்கம் ஓட்டியே பழகிய கை. பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன அந்த ஒரு பழக்கத்தால், ஹாங்காங் தெரு எங்களுக்குச் சட்டென்று பக்கத்து ஊர் ஆனது. தொடக்கத்தில் வரும் மினிபஸ் மிஷன் இன்னும் நெருக்கம். ஒரு மினிபஸ் ரூட்டை யார் கட்டுப்படுத்துவது என்பதற்காக இரண்டு கும்பல்களுக்குள் அடிதடி. எந்த ஊரிலும் ரவுடித்தனத்தின் அடிவேர் இப்படித்தான் பேருந்து நிறுத்தத்திலும் சந்தைக் கடையிலும் இருக்கும். கதையைப் போதைக் கடத்தலிலோ வங்கிக் கொள்ளையிலோ தொடங்காமல் மாமூல் வசூலில் தொடங்கியது நல்ல முடிவு.

சாப்பாட்டுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். தெருவோர வண்டியில் பன்றி இறைச்சி பன் வாங்கிச் சாப்பிட்டால் உடம்பு கொஞ்ச நேரத்துக்குத் தானாகத் தேறும். ஊக்க பானம் குடித்தால் அடியின் வலு கூடும். பன் சாப்பிடாதவன் முழு மனிதனே இல்லை என்கிற பொருளில் ஒரு கடைக்காரர் கூவிக்கொண்டே இருப்பார். கேம் வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஆடியவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள அந்த ஒரு வரி போதும். சண்டைக்கு முன்னால் பசி தீர்க்கிற நாயகன் மண்ணில் கால் வைத்தவனாகத் தெரிகிறான்.

கார் ஓட்டுவது லேசான ஆர்கேட் பாணி. ஒரு பட்டனைத் தட்டினால் உங்கள் கார் பக்கத்துக் காரை முட்டித் தள்ளும், ஓடும் வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குத் தாவலாம். ஜாலியாக இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ரேடியோவில் நிஞ்ஜா ட்யூன், வார்ப், டாப்டோன் போன்ற இசை நிறுவனங்களின் பெயரிலேயே தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. இரவில் பைக்கில் தெற்கே அபர்டீன் பக்கம் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

முகதாட்சண்யம்

டிரையட், போலீஸ் இரண்டையும் தவிர மூன்றாவதாக 'முகம்' என்று ஒரு அளவு இருக்கிறது. சீனப் பண்பாட்டில் ஒருவனுக்கு ஊரில் இருக்கும் மதிப்பை முகம் என்றே சொல்வார்கள். அதைத் தமிழில் விளக்கவே வேண்டியதில்லை. 'எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது' என்று நாமும்தான் கேட்கிறோம். முகதாட்சண்யத்துக்காக ஒரு வேலையைச் செய்துகொடுக்கிறோம், முகத்தில் கரி பூசிவிட்டான் என்று புலம்புகிறோம்.

தெருவில் யாராவது உதவி கேட்பார்கள். கடன் வாங்கியவனை மிரட்ட வேண்டும், கடையை நொறுக்குகிறவனைத் துரத்த வேண்டும், திருடுபோன வண்டியை மீட்க வேண்டும். இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். செய்தால் முகம் கூடும். முகம் கூடினால் துணிக்கடையில் விலை குறையும், கேட்ட இடத்துக்கு உங்கள் கார் வந்து நிற்கும், இன்னும் சில சலுகைகள் கிடைக்கும். வேலைகள் சீக்கிரமே ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் ஊராரின் பார்வையில் ஒருவன் உயர்வதை இப்படிப் பரிசாக வைத்தது அந்த ஊருக்கே உரிய யோசனை. மூன்று அளவுகளில் உருப்படியாக யோசித்தது இதைத்தான் என்றுகூடச் சொல்வேன்.

போலீஸ் எங்கே?

முதலில் கேம் சரியாகச் செய்த ஒன்று. ஒரு போதைக் கும்பல் நிற்கும் இடத்துக்குப் போய், அவர்களை அடித்து விரட்டிவிட்டு, அங்கிருக்கும் கண்காணிப்புக் கேமராவின் பெட்டியைத் திறந்து ஹேக் செய்கிறீர்கள். பிறகு வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டால் அந்த கேமராவின் படம் ஓடுகிறது. நாலைந்து பேர் நிற்கிறார்கள், சிலர் வந்து வந்து போகிறார்கள். சரக்கு விற்பவன் யார் என்று நீங்கள் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சரியான ஆளைக் குறித்துக் கொடுத்தால் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். வெய் அந்த இடத்திலேயே இல்லை, யாருக்கும் அவன்மேல் சந்தேகம் வராது. உளவுக்காரனின் வேலை இதுதான். இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, நேற்று தோளில் கை போட்டவர்களைப் பார்த்துக்கொண்டு, ஒருவனை மட்டும் காட்டிக்கொடுப்பது. முதல் முறை இதைச் செய்தபோது எனக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது.

ஆனால் அங்கே நிற்பவர்கள் பெயரில்லாத ஆட்கள். வெய்க்குத் தெரிந்தவன், வின்ஸ்டனின் ஆள், ஜாக்கியின் நண்பன் என்று ஒருவன்கூட அந்த டிவியில் வருவதில்லை. ஒரே ஒரு முறை ஜாக்கி அந்தப் படத்தில் தெரிந்திருந்தால் போதும், இந்தக் கேம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். நான் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் டெங் வழியாக வரும் தனி வழக்குகளும் உண்டு. பாப்ஸ்டார் வழக்கு அதில் ஒன்று. போன் சிக்னலைத் தொடர்வது, ஒட்டுக்கேட்கும் கருவி வைப்பது, பூட்டைத் திறப்பது என்று சின்ன வேலைகள் கலந்த மிஷன்கள். சண்டைக்கும் துரத்தலுக்கும் நடுவே நல்ல மாற்றம். ஆனால் எண்ணிக்கை குறைவு, முதன்மைக் கதையோடு உறவும் இல்லை. அவற்றை ஆடாமலேயே கேமை முடித்துவிடலாம். சன் ஆன் யீக்குள் யாரும் வெய் எங்கே போய்வருகிறான் என்று கேட்பதில்லை.

இப்போது மதிப்பெண் திரைக்குத் திரும்புகிறேன். மிஷன் தொடங்கும்போது போலீஸ் மதிப்பெண் முழுசாக இருக்கும். அப்பாவிகளை அடித்தால், பொருட்களை உடைத்தால் குறையும். டிரையட் மதிப்பெண் பூஜ்யத்தில் தொடங்கும், எதிரிகளைத் தினுசு தினுசாக அடிக்க அடிக்க ஏறும். காகிதத்தில் இது இழுபறி போலத் தோன்றும். ஆடினால் இழுபறியே இல்லை. இரண்டும் வெவ்வேறு செயல்களை அளக்கின்றன. ரவுடியை எவ்வளவு கொடூரமாகக் கொன்றாலும் போலீஸ் கணக்கில் பாதிப்பில்லை. ஒரே மிஷனில் இரண்டையும் முழுசாக வாங்கலாம், நான் பல முறை வாங்கியிருக்கிறேன். கேம் முடிவதற்குள், அந்த மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் புதுத் திறன்களான அப்கிரேடுகளை இரண்டு பக்கத்திலும் முழுசாக எடுத்துவிடவும் முடியும். சிறந்த போலீஸ்காரன், சிறந்த கும்பல்காரன் இரண்டுமாக ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்றால் வெய் ஷென்னுக்கு என்னதான் பிரச்சினை?

போலீஸ் பக்க அப்கிரேடுகள் எதைத் தருகின்றன என்று பாருங்கள். அலாரம் அடிக்காமல் கார் கதவைத் திறக்கும் தகடு, போலீஸ் காரின் டிக்கியிலிருந்து ஆயுதம் எடுக்கும் சாவி, துப்பாக்கி உதறாமல் சுடும் திறன். போலீஸ்காரனாக நன்றாக நடந்துகொண்டதற்குப் பரிசு, கார் திருடவும் சுடவும் கூடுதல் வசதி! மிஷனுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். தெருவில் நடப்பவர்களை இடித்துத் தள்ளுங்கள், போலீஸ் துரத்தும், அவர்கள் கார்களை முட்டிக் கவிழ்த்தால் தப்பிக்கலாம். அடுத்த மிஷனில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சக காவலர்களின் வண்டியைக் கவிழ்த்தவனிடம் மேலதிகாரி ஒரு போன்கூடச் செய்வதில்லை.

ஹாங்காங்கின் சங்கங்கள் சட்டப்படி டிரையட் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். குற்றம் எதுவும் செய்யாமல் 'நான் இன்ன கும்பல்' என்று மிரட்டினாலே உள்ளே போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊரில் வெய்யும் ஜாக்கியும் ஊதுபத்திப் புகைக்கு நடுவே சத்தியம் செய்து சன் ஆன் யீயில் சேரும் சடங்கு கேமில் இருக்கிறது. அருமையான காட்சி. ஒரு போலீஸ்காரன் தான் காப்பதாக உறுதியெடுத்த சட்டத்தையே மீறும் கணம் அது. அங்கே போலீஸ் அளவு ஒரு மில்லிமீட்டர்கூட அசைவதில்லை. மாறுவது ஆட்டக்காரரின் மனநிலை மட்டுமே, அதுவும் அவர் கவனித்திருந்தால்.

கட்சீன்கள் இதைப் புரிந்துவைத்திருக்கின்றன என்பதுதான் ஆதங்கம். வெய்யைக் கையாளும் அதிகாரி ரேமண்ட் மாக் ஒவ்வொரு சந்திப்பிலும் அவனைக் கவலையோடு பார்க்கிறார். வெய் தூங்காமல் தவிக்கிறான், கோபத்தில் வெடிக்கிறான். குரல் கொடுத்த வில் யுன் லீ அந்தக் குழப்பத்தை ஒரு வரியும் வீணாகாமல் கொண்டுவருகிறார். உயரதிகாரி பெண்ட்ரூவாக டாம் வில்கின்சன். அமைதியான, குளிர்ந்த குரல். வெய்யை அவர் மனிதனாகவே நினைக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரியும். எழுதியவர்களும் நடித்தவர்களும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். விளையாட்டின் விதிகள் மட்டும் அவர்களுக்குக் கை கொடுக்கவில்லை.

ஒரு கல்யாணம், அதன் பிறகு

கதையின் நடுவில் வின்ஸ்டனின் கல்யாணம். அதற்குள் அவன் உங்களுக்கு அண்ணன் மாதிரி ஆகியிருப்பான். முன்கோபக்காரன், ஆனால் நம்பியவனைக் கைவிடமாட்டான். அவன் அம்மா திருமதி சூ உணவகம் நடத்துகிறார், அங்கே போனால் உரிமையோடு உட்காரலாம். மணமேடைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது எதிரிக் கும்பலான 18கே துப்பாக்கிகளோடு உள்ளே நுழைகிறது. வின்ஸ்டனும் மணப்பெண் பெக்கியும் அங்கேயே சாகிறார்கள். வெய், கும்பலின் தலைவர் அங்கிள் போவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். தான் பிடித்துக்கொடுக்க வேண்டிய ஆளையே உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறான். யோசித்துச் செய்த காரியம் இல்லை அது. ஆடிக்கொண்டிருந்த நானும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கேம் என்னை முழுசாகக் கும்பல் பக்கம் இழுத்துவிட்டது என்று உணர்ந்தது அங்கேதான். அதற்குக் கைம்மாறாக வின்ஸ்டனின் இடம் வெய்க்கே கிடைக்கிறது.

அதற்குப் பிறகு கதை வேகமெடுக்கிறது, கொஞ்சம் அளவுக்கு மீறியே. தலைவர் பதவிக்குப் போட்டி, பிக் ஸ்மைல் லீயின் சதி, ப்ரோக்கன் நோஸ் ஜியாங்கின் கணக்குகள் எல்லாம் அவசர அவசரமாக வந்து போகின்றன. புதியவர்கள் மனதில் ஒட்டுவதற்குள் செத்துவிடுகிறார்கள். ஜாக்கியின் முடிவு மட்டும் நெஞ்சை அறுக்கிறது. மருத்துவமனையில் கிடந்த அங்கிள் போவைக் கொன்றது பெண்ட்ரூ என்று தெரிவது நல்ல திருப்பம். ஆனால் அந்த உண்மையைத் தேடிக் கண்டுபிடிப்பது வெய் இல்லை. ஆதாரம் ஜியாங் கையிலிருந்து வருகிறது. போலீஸ் கதையின் கடைசி முடிச்சைக்கூடக் கும்பல்தான் அவிழ்த்துக் கொடுக்கிறது.

பெண் பாத்திரங்களில் திருமதி சூ, டெங், ஜியாங் மூவரும் சில நிமிடங்களே வந்தாலும் நிற்கிறார்கள். வெய்யோடு பழகும் பெண்கள் அப்படியில்லை. எம்மா ஸ்டோன் குரல் கொடுத்த அமாண்டா இரண்டு சந்திப்புகளோடு காணாமல் போகிறாள். ஒவ்வொரு சந்திப்புக்கும் பரிசாக மேப்பில் சில பொருட்களின் இடம் தெரியவரும். மனித உறவை இப்படிப் பூட்டுச் சாவியாக ஆக்கியது இந்தக் கேமின் தரத்துக்கு ஒட்டவே இல்லை. காதலியிடம் தன் உண்மைப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலையை மறைக்கும் ஒருவனின் தவிப்பை ஒரே ஒரு காட்சியிலாவது காட்டியிருக்கலாம்.

கைவிலங்கு வந்த நாள்

பின்னால் வந்த கூடுதல் அத்தியாயங்களில் ஒன்று பேய்க் கதை, ஒன்று பழைய தற்காப்புக்கலைப் படப் பாணி. மூன்றாவதுதான் என் கவனத்துக்குரியது. 2013 மார்ச்சில் வந்த இயர் ஆஃப் தி ஸ்நேக். முதன்மைக் கதை முடிந்த பிறகு நடப்பது. ஏற்படுத்திய சேதங்களுக்காக வெய்யைச் சாதாரண ரோந்துக் காவலராகப் பதவி இறக்கிவிடுகிறார்கள். சீனப் புத்தாண்டில் குண்டு வைக்கத் திட்டமிடும் ஒரு வெறிக் கும்பலை அவன் தடுக்க வேண்டும். சின்ன அத்தியாயம், கதையில் ஆழம் இல்லை.

ஆனால் அதில் வெய் சீருடை போடுகிறான். கையில் மின் அதிர்ச்சித் துப்பாக்கி, கண்ணீர்ப் புகை. ஆளை வீழ்த்தி விலங்கு மாட்டலாம். பத்து வருடம் முன்னால் ட்ரூ க்ரைமில் இருந்த அந்தச் செயல், இத்தனை மணி நேரம் கழித்து ஒரு கூடுதல் பொட்டலத்தில் வருகிறது. கொக்கியில் மாட்டத் தெரிந்த அதே கை, ஒருவனை உயிரோடு பிடித்துக் கார் பக்கம் நடத்திக்கொண்டு போகும்போது எவ்வளவு புதிதாக இருக்கிறது தெரியுமா? இதை முதன்மைக் கதைக்குள்ளேயே வைத்திருந்தால், கொல்வதா பிடிப்பதா என்று ஒவ்வொரு சண்டையிலும் கேட்டிருந்தால், பிடித்தவனைப் பார்த்துக் கும்பல் சந்தேகப்பட்டிருந்தால், அந்த மூன்று அளவுகளுக்கும் அன்றே உயிர் வந்திருக்கும்.

விமர்சகர்கள் நன்றாகவே வரவேற்றார்கள். 2013 மார்ச்சில் ஸ்கொயர் எனிக்ஸ் சொன்ன கணக்கு சுமார் 17.5 லட்சம் பிரதிகள், எதிர்பார்த்ததற்குக் கீழே. 2014 அக்டோபரில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு மெருகேற்றிய பதிப்பு வந்தது. இரண்டாம் பாகம் வரவே இல்லை. இதே உலகத்தை வைத்து முயன்ற இணைய விளையாட்டான டிரையட் வார்ஸ் 2016 ஜனவரியில் மூடப்பட்டது, அந்த அக்டோபரில் யுனைடெட் ஃப்ரண்ட் கேம்ஸும் மூடியது.

இப்போது புதிதாக ஆடப்போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். கல்யாண மிஷனுக்கு முன்னால் அவசரப்படாதீர்கள். பாப்ஸ்டார் வழக்கை அதற்குள் முடித்துவிடுங்கள், கேமரா ஹேக் செய்யும் இடங்களில் பாதியையாவது பாருங்கள், ஆசானிடம் நாலைந்து சிலைகளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரவில் ஒரு முறை காரை விட்டிறங்கிச் சந்தைக்குள் நடந்து போய் ஒரு பன் வாங்கிச் சாப்பிடுங்கள். அதன் பிறகு வின்ஸ்டன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போங்கள்.